மோதிரம் கழற்ற வரவில்லை என்று கடைசியில் எழுதியவளுக்கு

வாசகி கேள்வி:
சயாமாவுக்கு (பர்மாவில் நர்ஸம்மா, டாக்டரம்மாவை மரியாதையாக அழைக்கும் சொல்) வணக்கம். எனக்கு 27 வயசு, தலைப்பிரசவம். 26 வாரம் நடக்கிறது. ரங்கூன் தாம்வேயில் நாலாம் மாடியில் குடியிருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. சாப்பிட்ட கையோடு நெஞ்சு எரிகிறது. மாமியார், "நெஞ்சு எரிஞ்சா பிள்ளைக்கு முடி நிறைய, நல்லதுதான்" என்கிறார். கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரை போட்டதிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறது. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ராத்திரி கெண்டைக்காலைப் பிடித்து முறுக்குகிறது. வாய் கசப்புக்கு எதிர்வீட்டு பர்மாக்கார அக்கா கடையில் வெற்றிலை வாங்கிப் போடச் சொல்கிறார். அடுத்த மாதம் வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு வாரமாக மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை, காலையில் லேசாகத் தலை வலிக்கிறது. இதெல்லாம் சகஜம்தானே?

பதில்:
கண்ணு, உனக்கு என் மகள் வயசு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். நீ கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மோதிரமும் தலைவலியும். இதைப் படித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் போய் இன்றைக்கே பிரஷர் பார்த்துவிட்டு வா. மீதியைச் சாயங்காலம் படிக்கலாம். நெஞ்செரிச்சல் எங்கேயும் ஓடிப்போகாது.

பயமுறுத்த வேண்டும் என்று எழுதவில்லை. ரங்கூன் வெயிலில், அதுவும் கரண்ட் போய் மின்விசிறி நின்ற ராத்திரிக்குப் பிறகு, நிறையப் பேருக்கு மோதிரம் இறுகத்தான் செய்யும். சாயங்காலம் பாதம் வீங்கிச் செருப்பு வார் பதிந்து, காலையில் வடிந்துவிட்டால் அது பெரும்பாலும் கர்ப்பத்தின் இயல்பான வீக்கம். ஆனால் 20 வாரம் தாண்டிய பிறகு கையும் முகமும் உப்பி, கூடவே தலையும் வலித்தால், ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்காமல் யாரும் "சகஜம்" என்று சொல்லக்கூடாது. நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத காலம். ஒரு பெண் விரலை நீட்டிக் காட்டினாள். மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நின்றது. வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். "உப்பைக் குறை, அடுத்த வாரம் வா" என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரியே அவளை வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அது என் சாமர்த்தியம் இல்லை. பிரஷர் கருவி என் மேசை மேலேயேதான் இருந்தது.

எங்கே போவது? நீ வழக்கமாகப் போகும் கிளினிக்கே போதும். அது மூடியிருந்தால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி, இல்லையென்றால் நம் பெரியவர்கள் இன்னும் 'டஃப்ரின்' என்றே சொல்லும் மத்திய மகளிர் ஆஸ்பத்திரி. போய்ச் சேர்ந்ததும் கையை நீட்டாதே. நாலு மாடி இறங்கி, பஸ்ஸில் நசுங்கி வந்தவளுக்கு உடனே பார்த்தால் எண் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்து உட்கார். சிறுநீர் முட்டினால் முதலில் போய்விட்டு வா, அதுவும் எண்ணை ஏற்றும். கால் மேல் கால் போடாதே, பட்டை சுற்றும் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வை, பட்டை இறுகும்போது பேசாதே. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சின்னச் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் நீயே கேள்.

மேல் எண் 140, கீழ் எண் 90. இரண்டில் ஏதாவது ஒன்று அதைத் தொட்டாலே சிறிது நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மறுபடியும் அப்படியே என்றால் அன்றைக்கே டாக்டர். 160/110 என்றால் வீட்டுக்குத் திரும்பி வந்து துணிமணி எடுத்து வைக்கிற பேச்சே வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

எண் சரியாக இருந்தாலும் உனக்கென்று ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உனக்கு நெஞ்செரிச்சலும் இருக்கிறது. பிரஷர் ஏறியவர்களுக்கு வலது விலாவுக்குக் கீழே, இல்லையென்றால் நடு வயிற்றுக் குழியில் வலி வரும். பலர் அதை 'கேஸ்' என்று நினைத்து மாத்திரையைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். நெஞ்செரிச்சல் நடு மார்பில் எரிந்து தொண்டை வரைக்கும் புளித்து ஏறும். எழுந்து உட்கார்ந்தால் தணியும். பிரஷர் வலி எரியாது, அழுத்தும், உட்கார்ந்தாலும் படுத்தாலும் விடாது. அதோடு கண்ணில் பூச்சி பறந்தாலோ, மின்னல் அடித்தாலோ, வாந்தி வந்தாலோ நடுராத்திரியானாலும் வண்டி பிடி.

போய்விட்டு வந்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு மீதியைச் சொல்கிறேன்.

நெஞ்செரிச்சல். உன் மாமியாரைப் பார்த்துச் சிரிக்காதே. 2006ல் அமெரிக்காவில் பால்டிமோர் ஊரில் 64 கர்ப்பிணிகளை வைத்து இதையே சோதித்துப் பார்த்தார்கள். பொய் என்று நிரூபிக்கப் போனவர்களுக்கு, எரிச்சல் அதிகம் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு முடியும் அதிகமாக இருந்ததாகத்தான் தெரியவந்தது. சின்ன ஆய்வு, அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பிள்ளைக்கு முடி வருகிறது என்பதற்காக நீ எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

இரைப்பைக்கு மேல் வாயில் ஒரு தசை வளையம் இருக்கிறது. பையின் வாயைச் சுருக்கும் கயிறு மாதிரி. கர்ப்பத்தில் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அந்தச் சுருக்கைத் தளர்த்திவிடுகிறது. கீழேயிருந்து கருப்பை வேறு தள்ளுகிறது. அதனால் புளிப்பு மேலே வருகிறது. இதற்கு வயிறு நிரம்பச் சாப்பிடாமல் இருப்பதுதான் முதல் வைத்தியம். மூன்று வேளைச் சோற்றை ஐந்து வேளையாகப் பிரி. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடு. கட்டில் என்றால் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் காலுக்கொரு செங்கல். பாயில் படுக்கிறாய் என்றால் தலையணையை மட்டும் உயர்த்தாதே, கழுத்துதான் வலிக்கும். போர்வைகளை மடித்து இடுப்பிலிருந்து தோள் வரை சரிவாக அடுக்கி, இடது பக்கம் திரும்பிப் படு.

காலை மொஹிங்காவை, அந்த மீன் குழம்பு நூடுல்ஸை, நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரைக்கிண்ணம் குடி, மிளகாய்த்தூளும் மேலே நொறுக்கிப் போடும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். அதில் கிடக்கும் வாழைத்தண்டை ஒதுக்காமல் சாப்பிடு, உன் இன்னொரு புகாருக்கு அது ஆகும். எரியும்போது சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது வேண்டாம், சோடியம் அதிகம். கடித்துச் சாப்பிடும் அமில முறி மாத்திரை வேண்டுமானால் கிளினிக்கில் கேட்டு வாங்கு. அதை இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஏறாது, நடுவே இரண்டு மணி நேரம் வேண்டும்.

இரும்பை நிறுத்தியது தப்பு. திட்டவில்லை, மூன்று நாள் முக்கினால் யாருக்கும் நிறுத்தத் தோன்றும். ஆனால் பிரசவத்தில் ரத்தம் போகும்போது அந்தச் சேமிப்புதான் உன்னைத் தாங்கும். மாத்திரையை விட, நீ அதைப் போட்ட நேரம்தான் கோளாறு என்று எனக்குச் சந்தேகம். சாப்பிட்டதும் மாத்திரை, உடனே ஒரு கோப்பைப் பால் தேநீர், சரிதானே? ரங்கூனில் இது எல்லா வீட்டுக் கதை. தேயிலையில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லப்பே என்று ஊறவைத்துத் தின்பதும் அதே தேயிலைதான், தேநீர்க்கடை மேசையில் காசில்லாமல் வைக்கும் வெறுந்தேநீரும் அதேதான். ஆக மாத்திரை உடம்பில் ஏறாமல் குடலில் தங்குகிறது. மலச்சிக்கல் மிச்சம், ரத்தம் மிச்சமில்லை.

இப்படிச் செய்து பார். காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, பத்து பத்தரைக்கு, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு மாத்திரை. கூட ஒரு கொய்யாத் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. அதற்குப் பின் இரண்டு மணி நேரத்துக்குத் தேநீர் இல்லை, பால் இல்லை. கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் அதைச் சோற்றோடு வேறு வேளையில் போடு. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கெட் தின்றுவிட்டுப் போடலாம். அப்படியும் ஆகவில்லை என்றால், "வேறு ரகம் மாற்றிக் கொடுங்கள்" என்று கிளினிக்கில் கேள். நீயாக நிறுத்தாதே. மலம் கறுப்பாகப் போனால் பதறாதே, அது இரும்பின் நிறம். சிவப்பாக ரத்தம் தெரிந்தால் காட்ட வேண்டும், பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும்.

சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, பயறு, வாழைத்தண்டு, பழுத்த பப்பாளி. ஆமாம், பப்பாளிதான். காயில் இருக்கும் பால்தான் கர்ப்பத்தில் ஆகாது, நன்றாகக் கனிந்த பழத்தால் கெடுதல் இல்லை. மாமியார் ஒப்பாவிட்டால் சண்டை போடாதே, வாழைப்பழம் தின்றுவிட்டுப் போ. மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி வை. இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூளை ராத்திரியில் எடுக்கலாம், நிறையத் தண்ணீரோடு. விளக்கெண்ணெய் கொடுத்தால் மட்டும் வாயைத் திறக்காதே. குடலை அது முறுக்குகிற முறுக்கில் கருப்பையும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளலாம்.

கெண்டைக்கால் குரக்களி. நடுராத்திரியில் அலறிக்கொண்டு எழுந்ததும் காலைத் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதற்கு முன்னால் முட்டியை நீட்டிக் கட்டை விரலை உன் பக்கமாக இழு. வயிறு இடித்து எட்டவில்லை என்றால் சுவரில் பாதத்தைப் பதித்து அழுத்து. அரை நிமிஷத்தில் அவிழும், பிறகு தேய்க்கலாம். படுக்கப் போகும் முன் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தரையில் ஊன்றிக் கெண்டையை நீட்டும் பயிற்சியைச் செய்தால் பலருக்குக் குறைகிறது. மக்னீசியம் மாத்திரைக்குச் சிலர் கடைகடையாக அலைகிறார்கள். ஆய்வுகளில் அது ஒருசமயம் பலித்திருக்கிறது, ஒருசமயம் இல்லை, அதற்குச் செலவழிக்கும் காசில் பயறு வாங்கு. ஒரே காலில் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக, விடாமல் வலித்தால் அது குரக்களி அல்ல. ரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

காலில் முறுக்கு மட்டும்தானா, பாதத்தில் எறும்பு ஊர்வதுபோலவும் இருக்கிறதா? நீ எழுதவில்லை, ஆனால் பர்மாவில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் விடக்கூடாது. தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை மூன்று தண்ணீர் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டால் அதில் மிஞ்சியிருந்த பி1 சத்தில் பெரும்பகுதி தண்ணீரோடும் கஞ்சியோடும் போய்விடும். அந்தக் குறை முற்றினால் பாதம் மரத்து வீங்கும், பெரிபெரி என்பார்கள். தாய்க்கு வெளியே தெரியாமலே இருந்து, தாய்ப்பால் வழியாகப் பச்சைப் பிள்ளையை அடிக்கும். இரண்டு மூன்று மாசப் பிள்ளை நேற்றுச் சிரித்துக்கொண்டிருந்து இன்று குரல் கம்மி மூச்சு முட்டிப் போய்விடும். அதனால்தான் இந்த நாட்டில் கடைசி மாதம் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் வரைக்கும் பி1 மாத்திரை கொடுக்கிறார்கள். உனக்கும் கொடுப்பார்கள், அலமாரியில் வைத்துப் பூட்டாதே. நம் தாத்தா பாட்டி இந்த விஷயத்தில் புத்திசாலிகள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடும், தீட்டினாலும் கணிசமாக நிற்கும். புழுங்கலரிசி கிடைக்கும் கடை தெரிந்தால் வாங்கு. கிடைக்காவிட்டால் கஞ்சியைக் கொட்டாமல் குடி. பிரசவத்துக்குப் பிறகு சோறும் உப்புக்கண்டமும் மட்டும் கொடுத்துப் பத்தியம் காக்க யாராவது கிளம்பினால் இந்தப் பத்தியை எடுத்துக் காட்டு.

நாலு மாடி. பிரஷரும் மற்றதும் சரியாக இருந்தால் படி ஏறுவதால் பிள்ளைக்கு எதுவும் ஆகாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி ஏறு. லோஞ்சியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டு, இறங்கும்போதுதான் கால் தடுக்கும். என் கவலை படி இல்லை, நீ கையில் என்ன தூக்கிக்கொண்டு ஏறுகிறாய் என்பதுதான். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாத நாளில் கீழேயிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கும் கர்ப்பிணிகளை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் உன் வீட்டுக்காரர் வேலை, இதில் பேச்சுக்கு இடமில்லை. காய்கறிக்கு இருக்கவே இருக்கிறது உங்கள் பால்கனிக் கயிறு. முனையில் கிளிப் மாட்டி நியூஸ் பேப்பர் இழுக்கத் தொங்கவிட்டிருப்பீர்களே, அதில் ஒரு பையைக் கட்டி இறக்கு. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தடவைக்கு ஒரு கட்டுக் கீரை, நாலு கத்தரிக்காய். குனிந்து இழுக்காதே. நிமிர்ந்து நின்று, வயிற்றைக் கம்பியில் அழுத்தாமல் இழு.

இடுப்பு வலியைப் பற்றி நீ எழுதவில்லை, இன்னும் இரண்டு மாதத்தில் எழுதுவாய். அப்போதைக்கு, பக்கவாட்டில் படுத்து முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கப் போகாமல் இருப்பது பிள்ளைக்கு நல்லது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. தூக்கத்தில் புரண்டு மல்லாந்து கிடந்து விழித்தால் பதறாதே, திரும்பிப் படுத்துத் தூங்கு. வலிக்கு பாராசிட்டமால் போதும், அதையும் தேவைக்குத்தான். தெருமுனை மருந்துக்கடையில் நாலு நிற மாத்திரையைச் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள். எது என்ன என்று பேரே இருக்காது. டைக்குளோஃபினாக், இபுபுரூஃபன் மாதிரி மாத்திரை அதில் ஒன்றாக இருந்தால் இந்த மாதத்தில் பிள்ளையின் சிறுநீரகத்துக்கும், கடைசி மூன்று மாதத்தில் இதயத்துக்கும் ஆகாது. பேர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதே.

வெற்றிலை. எதிர்வீட்டு அக்கா அன்பாகத்தான் சொல்கிறார். நம் வீட்டில் விசேஷத்தன்று போடும் தாம்பூலத்தை மனசில் வைத்து நீயும் கேட்கிறாய் போலிருக்கிறது. இந்தக் கடைப் பீடாவில் பாக்கும் சுண்ணாம்பும் மட்டுமில்லை, கேட்காமலே புகையிலையும் வைப்பார்கள். புகையிலை வேண்டாம் என்று சொன்னாலும் பாக்கு பாக்குதான். கர்ப்பத்தில் பாக்கு மெல்லுகிறவர்களுக்குப் பிள்ளை எடை குறைந்து பிறப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். வாய் கசந்தால் இஞ்சியைச் சின்னதாக நறுக்கி உப்புத் தொட்டு வாயில் அடக்கிக்கொள். பல்லில் பட்டுக் கூசினால் ஒரு கிராம்பு.

வளைகாப்பைத் தள்ளிப் போட வேண்டியதில்லை, பிரஷர் சரியாக இருந்தால். இரண்டு விஷயம் மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவை. ஒன்று, வளையல். பழைய அளவுக்கு வாங்கிவந்து, சோப்பு நுரை போட்டு ஆளாளுக்கு முறுக்கி ஏற்றுவார்கள். உன் கை இப்போது இருக்கும் நிலையில் ஒரு சைஸ், ஏன் இரண்டு சைஸ் பெரிதாகவே வாங்கட்டும். ஆஸ்பத்திரியில் ஊசி போட, பிரஷர் பட்டை சுற்ற எந்த நேரமும் கழற்ற வேண்டிவரலாம். மோதிரத்துக்கு அந்த நுரையே ஆகும், இல்லையென்றால் விரலைக் கொஞ்ச நேரம் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட்டு எண்ணெய் தடவிச் சுழற்றிப் பார். விரல் நீலம் பாய்ந்து மரத்தால் நகைக்கடையில் மோதிரத்தை வெட்டியெடுக்கச் சொல், பிறகு அதை ஒட்ட வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஐந்து வகைச் சோறு. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் ஒவ்வொருவரும் ஒரு வாய் என்று ஊட்டினால் அன்று ராத்திரி நீ உட்கார்ந்தேதான் தூங்க வேண்டும். தயிர்ச்சோற்றை முதலில் வாங்கிக்கொண்டு, மற்றதை நுனி நாக்கில் வைத்து நகர்ந்துவிடு. யாரும் கணக்கு வைக்க மாட்டார்கள்.

உப்பைப் பற்றிக் கேட்பாய். வீக்கத்துக்கு உப்பை அடியோடு நிறுத்தச் சொல்வார்கள், நான் அன்று அந்தப் பெண்ணிடம் சொன்னதுபோலவே. இந்தப் பிரஷரை அது தடுக்காது. ஙாப்பியும் (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது) கருவாடும் ஒரே இலையில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த கடிதம் எழுதும்போது நெஞ்செரிச்சலிலிருந்து ஆரம்பிக்காதே. இன்று பார்த்த பிரஷரின் மேல் எண், கீழ் எண் இரண்டையும் முதல் வரியில் எழுது. சிறுநீர்ப் பட்டையில் என்ன சொன்னார்கள் என்பது இரண்டாவது வரி.